மயில் கழுத்தும் என் கழுத்தும்!

எனக்கும் நிறங்களுக்கும் சின்ன வயசிலிருந்தே ஏழாம் பொருத்தம். மூன்றாம் வகுப்பில் யானைக்குப் பழுப்பு வண்ணம் அடித்து, "இது யானையா, உருளைக்கிழங்கா?" என்று டிராயிங் சாரிடம் குட்டு வாங்கியவன் நான். அப்புறம் பி.காம். சேர்ந்தேன். அங்கே இரண்டே நிறம்தான். லாபம் என்றால் கறுப்பு மை, நஷ்டம் என்றால் சிவப்பு மை. நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியை ஒரு புடவை வந்து கெடுத்தது.

என் அக்கா கும்பகோணத்தில் இருக்கிறாள். அத்தான் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. பெண் ப்ளஸ் டூ படிக்கிறாள். அக்கா பக்கத்துத் திருபுவனத்தில் நெசவாளர்களிடம் பட்டுப் புடவை வாங்கி, செல்போனில் படம் எடுத்து, வாட்ஸ்-அப் குரூப்பில் போட்டு விற்கிறாள். கடை கிடையாது, போர்டு கிடையாது, ஏ.சி. கிடையாது. மூலதனம், அத்தானின் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியும் ஒரு பழைய பீரோவும்தான்.

"தம்பி, படமெல்லாம் ஒரே டல்லா விழுதுடா. உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, கொஞ்சம் சரி பண்ணிக் குடேன்" என்றாள் ஒருநாள்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் ரொம்ப நாளாக உலவும் வதந்தி. அதை மறுத்து அறிக்கை விட எனக்கும் மனசு வந்ததில்லை. ஒரு நண்பரிடம் பெரிய கேமரா இரவல் வாங்கிக்கொண்டு கும்பகோணம் போனேன். ஒரே சாயங்காலத்தில் 32 புடவைகள். அக்கா ஹாலில் நின்று முந்தானையை ஒரு கையால் தூக்கிப் பிடிக்க, நான் சுட்டுத் தள்ளினேன். சென்னை திரும்பி, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் லேப்டாப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மெருகேற்றினேன். சகதர்மிணி எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே!" என்றாள். எங்கள் வீட்டில் இது பத்மஸ்ரீக்குச் சமம்.

படங்கள் போன வேகத்தில் நாலு புடவை விற்றது. அதில் ஒன்று மயில் கழுத்து நிறம். விலை 14,500 ரூபாய். கோயமுத்தூரில் ஒரு அம்மா வாங்கினார்கள்.

எட்டாம் நாள் பார்சல் திரும்பி வந்துவிட்டது.

"கலரு மாறிப்போச்சுங்க. படத்துல நல்ல நீலமா இருந்துச்சு. வந்தது பச்சையாட்டம் இருக்குது. எங்கம்மாவோட பழைய சீலை ஒண்ணு அந்த நீலத்துல இருந்துச்சுங்க. பொண்ணு கல்யாணத்துக்கு அதே மாதிரி கட்டோணும்னுதான் வாங்கினேன்" என்று அக்காவிடம் போனில் சொல்லியிருக்கிறார்கள். கோபமாகக்கூடப் பேசவில்லையாம். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

நெசவாளரிடம் பணம் கொடுத்தாகிவிட்டது. அந்த அம்மாவுக்கும் 14,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அந்த மாசம் பெண்ணின் டியூஷன் பீஸை அக்கா தள்ளிப் போட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கண் வைத்தவன் நான்தானோ என்று எனக்குச் சந்தேகம். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய்விட்டேன்.

திரும்பி வந்த புடவையைப் பிரித்துப் போட்டு, பக்கத்தில் போனில் என் படத்தை வைத்துக்கொண்டு பார்த்தோம். படத்தில் இருந்தது நீலம். தரையில் கிடந்தது நீலமும் பச்சையும் கலந்து, பச்சைப் பக்கம் ஒரு அடி கூட எடுத்து வைத்த நிறம். நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தபோது அக்கா பெண் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அம்மா கை ஏன் இப்படி இருக்கு? ஐஸ் பெட்டியில வச்சு எடுத்த மாதிரி!"

அப்போதுதான் பார்த்தேன். படத்தில் முந்தானையைப் பிடித்திருந்த கை வெளிறி, லேசாக நீலம் பாரித்துக் கிடந்தது. அக்கா நல்ல மாநிறம். புடவையின் நிறம் என்ன என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அக்காவின் கை என்ன நிறம் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். கை பொய் என்றால் புடவையும் பொய்தானே?

அன்றைக்கு ஆரம்பித்த துப்பறியும் வேலை ஒரு மாசம் நடந்தது. குற்றவாளிகள் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் தலைவன் அடியேன்.

முதல் குற்றவாளி, விளக்கு. வெளிச்சத்துக்கும் நிறம் உண்டு. அதை கெல்வின் என்ற அளவில் சொல்கிறார்கள். மெழுகுவர்த்தி சுமார் 1,900, பழைய குண்டு பல்பு 2,700, நடுப்பகல் வெயில் 5,500, வெள்ளை டியூப்லைட் 6,500. எண் ஏற ஏற வெளிச்சம் மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போகும். கொல்லன் பட்டறையில் இரும்பு முதலில் சிவந்து, அப்புறம் மஞ்சளாகி, அதற்கும் மேலே வெளுக்கிற மாதிரி. நம் கண் இதையெல்லாம் கண்டுகொள்ளாது. வெள்ளை வேட்டி வெயிலிலும் வெள்ளை, விளக்கு வெளிச்சத்திலும் வெள்ளை என்று மூளை சரிக்கட்டிவிடும். கேமராவுக்கு அந்தப் பெருந்தன்மை போதாது. நான் எடுத்த ஹாலில் இந்தப் பக்கம் டியூப்லைட், அந்தப் பக்கம் பூஜை ரூமிலிருந்து மஞ்சள் பல்பு. ஒரே புடவை, இரண்டு சூரியன்!

மூளை சரிக்கட்டுவதிலும் வில்லங்கம் உண்டு. 2015 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணத்துக்காக எடுத்த கவுன் படம் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது ஞாபகம் இருக்கிறதா? பாதிப் பேர் "நீலமும் கறுப்பும்" என்றார்கள். பாதிப் பேர் "வெள்ளையும் தங்கமும்" என்று சத்தியம் செய்தார்கள். நிஜக் கவுன் நீலமும் கறுப்பும்தான். படத்தில் வெளிச்சம் எப்படி விழுந்தது என்பது தெளிவாக இல்லாததால் ஒவ்வொரு மூளையும் ஒவ்வொரு விதமாக ஊகித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் அன்றைக்கு நானும் சகதர்மிணியும் எதிரெதிர்க் கட்சி. இன்றைக்கும் கூட்டணி ஏற்படவில்லை.

இரண்டாவது குற்றவாளி, கேமராவின் தானியங்கிப் புத்தி. படத்தில் உள்ள எல்லா நிறத்தையும் கூட்டிக் கலக்கினால் சாம்பல் நிறம் வரவேண்டும் என்பது அது சாதாரணமாகப் போடுகிற கணக்கு. தெருவையோ குடும்பத்தையோ எடுத்தால் கணக்கு ஓரளவு சரியாக வரும். படம் முழுக்க ஒரே மயில் கழுத்துப் புடவை என்றால்? "அடடா, நீலமும் பச்சையும் ஜாஸ்தியாகிவிட்டதே" என்று அதுவாகவே எதிர் நிறத்தைக் கொட்டிவிடுகிறது. நல்ல புடவை அழுது வடிந்ததற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது குற்றவாளி, என் லேப்டாப். ராத்திரியில் கண் கூசாமல் இருக்க, திரை தானாக மஞ்சளாகும் வசதியை நான்தான் எப்போதோ போட்டுவைத்திருந்தேன். மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவன் என்ன செய்வான்? நீலத்தை அள்ளி அள்ளிப் போடுவான். நானும் போட்டேன். அக்காவின் கை ஐஸ் பெட்டிக்குள் போனது அப்படித்தான்.

நாலாவது ஆள்தான் பலே கில்லாடி. லேப்டாப்பில் நன்றாக இருந்த படம், போனுக்கு அனுப்பினால் மட்டும் சோகையாகத் தெரிந்தது. கோபத்தில் நிற அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றி ஏற்றி அனுப்பினேன். காரணம் ரொம்ப நாளைக்குப் புரியவில்லை. புரிந்ததும், பி.காம். படித்தவன் இதைக் கோட்டை விட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

டிஜிட்டல் படத்துக்குள் நிறம் கிடையாது சார், வெறும் எண்கள்தான். சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். இந்தக் கணக்கில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் நிறங்கள் எழுதலாம். ஆனால் எண்ணை மட்டும் எழுதினால் போதுமா? பேரேட்டில் வெறும் "100" என்று எழுதியிருந்தால் ஆடிட்டர் என்ன கேட்பார்? "இது ரூபாயா, டாலரா?" என்று கேட்பார் இல்லையா? படத்துக்கும் அந்தக் கேள்வி உண்டு. எந்த நாணயத்தில் எண்ணியிருக்கிறோம் என்று படத்தோடு ஒரு சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் கலர் புரொஃபைல்.

இணையத்தில் பொதுவாகச் செல்லுபடியாகும் நாணயம் எஸ்.ஆர்.ஜி.பி. ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் 1996ல் முன்வைத்து, 1999ல் சர்வதேசத் தரமானது. இதைவிடப் பெரிய நாணயம் ஒன்று உண்டு. 1998ல் வந்த அடோபி ஆர்.ஜி.பி. முக்கியமாகப் பச்சை, நீலப் பச்சைப் பக்கம் இன்னும் அழுத்தமான நிறங்களை அதில் எழுத முடியும். அச்சு வேலை செய்பவர்களுக்கு உபயோகம். நண்பரின் கேமரா அதில்தான் வைக்கப்பட்டிருந்தது. என் எடிட்டிங் சாஃப்ட்வேர் சீட்டைப் படித்துச் சரியாகக் காட்டியது. படத்தை அனுப்பும்போது வழியில் எங்கேயோ சீட்டு கிழிந்துவிட்டது. சீட்டு இல்லாத படத்தைப் பெரும்பாலும் எஸ்.ஆர்.ஜி.பி. என்றே எடுத்துக்கொள்வார்கள். 100 டாலரை 100 ரூபாய் என்று வரவு வைத்தால் கணக்கு சோகையாகத்தானே இருக்கும்! நான் என்ன செய்தேன்? பேரேட்டைத் திருத்தாமல் தொகையை ஏற்றிக்கொண்டே போனேன். இதற்குக் கணக்குப் பதிவியலில் வேறு பெயர். ஜெயிலில் போடுவார்கள்.

மருந்து ஒரே வரிதான். எடிட்டிங் முடிந்ததும், அனுப்புவதற்கு முன்னால், படத்தை எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றி, சீட்டோடு சேமிக்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. "மாற்று" என்பதும் "ஒட்டு" என்பதும் வேறு வேறு. டாலரை ரூபாயாக மாற்றுவது ஒன்று. டாலர் தாளின் மேல் ரூபாய் லேபிளை ஒட்டுவது இன்னொன்று.

எல்லாம் புரிந்தபோது பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஏனென்றால் நாலு குற்றத்துக்கும் மேலே ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதை லேப்டாப் மேல் போட முடியாது. அன்றைக்கு ராத்திரி அந்த நீலம் நிஜப் புடவையைவிட அழகாக இருக்கிறது என்று எனக்கே தெரியும். "இப்படி இருந்தா உடனே வித்துடும்" என்று நினைத்துத்தான் சேமித்தேன்.

காலேஜில் வணிகச் சட்டம் நடத்திய பேராசிரியர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15, பிரிவு 17. மாதிரியைக் காட்டி விற்றால் சரக்கு மாதிரியைப்போல இருக்க வேண்டும். விவரம் சொல்லி விற்றால் விவரத்துக்குப் பொருந்த வேண்டும். இரண்டையும் செய்து விற்றால் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். பரீட்சையில் இதற்குப் பத்து மார்க் வாங்கினேன். வாழ்க்கையில் சைபர். படம்தான் மாதிரி. "மயில் கழுத்து" என்பது விவரம். வந்த புடவை விவரத்துக்குச் சரியாகப் பொருந்தியது, நான் காட்டிய மாதிரிக்குப் பொருந்தவில்லை. நெசவாளர் கணக்கு சரி, என் கணக்கு தப்பு.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெல்வின், புரொஃபைல், சட்டப் பிரிவு உள்பட. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா புடவை எடுக்கப் போனா என்ன செய்வான்னு ஞாபகம் இருக்காடா?" என்றாள்.

ஞாபகம் வந்தது. ஜவுளிக் கடையில் மலை மாதிரிப் புடவைகளைக் குவித்துப் போட்டிருப்பார்கள். மேலே பளபளவென்று விளக்குகள். அம்மா ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் பில் போட விடமாட்டாள். "கொஞ்சம் வெளியில கொண்டு போய்ப் பாத்துட்டு வரேன்" என்று வாசல் படிக்குக் கொண்டு போய், வெயில் படாத வெளிச்சத்தில் விரித்து, இப்படியும் அப்படியும் மடித்துப் பார்ப்பாள். கடைப் பையன் புடவை கைமாறிவிடுமோ என்று பின்னாலேயே ஓடுவான். எங்களுக்கு மானம் போகும். அம்மாவுக்கு கெல்வினும் தெரியாது, புரொஃபைலும் தெரியாது. கடை விளக்கை நம்பக் கூடாது என்று மட்டும் தெரியும்.

அம்மா மடித்துப் பார்த்ததற்கும் அர்த்தம் இருக்கிறது என்பதை திருபுவனத்து நெசவாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மயில் கழுத்து என்பது ஒரு நிறம் இல்லை. பாவு ஒரு நிறம், ஊடு இன்னொரு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நேராகப் பார்த்தால் ஒன்று தூக்கும், சாய்த்துப் பார்த்தால் மற்றது தூக்கும். "தம்பி, நீங்க ஒரு போட்டோவுல எதைப் பிடிப்பீங்க? மயிலைப் பிடிச்சுக் கட்டி வச்சாலும் அது கழுத்தைத் திருப்பிக்கிட்டேதானே இருக்கும்" என்றார். கேமரா கடைக்காரர்களுக்குக்கூட இப்படிச் சொல்ல வராது.

இப்போது நாங்கள் செய்வது இவ்வளவுதான். காலை பத்து மணிக்கு வாசல் திண்ணை நிழலில், விளக்கெல்லாம் அணைத்துவிட்டுப் படம். முதல் படத்தில் புடவை மேல் ஒரு சாம்பல் நிற அட்டை இருக்கும். போட்டோ சாமான் கடையில் இதற்கென்றே கிடைக்கிறது. எடிட்டிங்கில் அந்த அட்டையைத் தொட்டு "இதுதான் சாம்பல்" என்று சொல்லிவிட்டால், மற்ற நிறங்கள் தாங்களாகவே இடத்துக்கு வந்து உட்காரும். முதலில் வெள்ளைத் தாள் வைத்துப் பார்த்தேன். பல தாள்களில் வெளுப்பாகத் தெரிவதற்காக நீலம் காட்டும் ரசாயனம் போடுகிறார்களாம். வேட்டிக்கு நீலம் போடுகிற அதே சூட்சுமம். அதனால் சாம்பல் அட்டையே உத்தமம். எடிட்டிங் பகலில் மட்டும், திரையின் மஞ்சள் வசதியை அணைத்துவிட்டு. கடைசியில் எஸ்.ஆர்.ஜி.பி. இரண்டு நிறம் ஓடும் புடவை என்றால் நேராக ஒன்று, மடிப்பில் ஒன்று, கூடவே பத்து விநாடி வீடியோ.

இத்தனை செய்தும் வாங்குபவரின் போன் திரை நம் கையில் இல்லை. சில போன்களில் எல்லா நிறமும் திருவிழாக் கோலத்தில்தான் தெரியும். அதனால் அக்கா வாயாலும் சொல்கிறாள். "மேடம், இது மாம்பழ மஞ்சள் இல்லை, எலுமிச்சைக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்கற மஞ்சள். அரக்குன்னு போட்டிருக்கேன், வெளிச்சத்துல லேசா சிவப்பு அடிக்கும். பாத்து யோசிச்சு வாங்குங்க." 1 கோடியே 67 லட்சம் எண்களால் முடியாததை ஒரு எலுமிச்சம்பழம் முடித்துவிடுகிறது.

கோயமுத்தூர் அம்மாவுக்கு நானே போன் போட்டேன். "தப்பு புடவை மேல இல்லைங்க, நெசவாளர் மேலயும் இல்லை. படத்தை மாத்தினது நான்தான்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே" என்றார்கள். அப்புறம், "எங்கம்மா சீலையக் கதவுகிட்ட வெளிச்சத்துல வச்சு ஒரு படம் எடுத்து அனுப்பறேனுங்க. அதே நீலம் எப்பவாச்சும் தறியில ஏறினா சொல்லுங்க" என்றார்கள். படம் வந்தது. நெசவாளரிடம் காட்டியிருக்கிறோம். கல்யாணத்துக்குள் அது தறியில் ஏறவில்லை. எல்லாக் கணக்கும் நேராகிவிடுவதில்லை.

திரும்பி வந்த மயில் கழுத்து மூன்று மாசம் பீரோவில் தூங்கியது. திண்ணையில் புதுப் படம் எடுத்துப் போட்டோம். முன்பு மாதிரி உடனே பறக்கவில்லை. உண்மை நிறத்துக்கு ஆள் கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகிறது. பொங்கலுக்கு முந்தின வாரம் மதுரையில் ஒருத்தர், "இந்தப் பச்சை தூக்கற மயில் கழுத்தைத்தான் தேடிட்டிருந்தேன்" என்று வாங்கினார். திரும்பி வரவில்லை. இரண்டு பக்கக் கூரியர் செலவு என் சொந்தக் கணக்கில் பற்று. டியூஷன் பீஸையும் நான் கட்டிவிட்டேன்.

போன மாசம் படங்களைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பழைய புத்தி ஒரு நிமிஷம் தலைகாட்டியது. முந்தானையைப் பிடித்திருந்த அக்காவின் கை கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. கை மட்டும்தானே, லேசாக வெளுப்பாக்கினால் யாருக்கு நஷ்டம் என்று மௌஸைக் கொண்டுபோனேன். பின்னாலிருந்து அக்கா குரல்.

"என் கைக்கு எதுக்குடா வெள்ளையடிக்கிற? அதைப் பாத்துத்தானே குரூப்புல எல்லாரும் புடவை கலரை நம்பறாங்க!"

மௌஸை எடுத்துவிட்டேன்.